பெர்னடெற் அன்ரி சொல்லாமல் போகமாட்டார்

பஸ் தன் நடுக்கதவைத் திறந்து எல்லோரையும் லண்டன் குட்மேய்ஸ் வீதியில் கொட்டிக்கொண்டிருக்கும்போது, பெர்னடெற் அன்ரி மட்டும் எதிர்ப்பக்கமாக, முன்னுக்கு நடந்துகொண்டிருப்பார். ஒரு கையில் கணவர் யாக்கோப்பு அங்கிளின் முழங்கை. மற்றக் கையில் முருங்கைக்காய்க் கட்டு. ஏறி வருகிறவர்களின் நெஞ்சில் முருங்கைக்காய் குத்தக் குத்த, சாரதியின் கண்ணாடித் தடுப்பு வரைக்கும் போய்த் தலையைச் சரித்து, "ஓகே டார்லிங், வி ஆர் கோயிங் அண்ட் கமிங்" என்று சொன்ன பிறகுதான் இறங்குவார். எங்கள் "போட்டு வாறம்" இங்கிலிசுக்குப் போனால் இந்தக் கோலத்தில்தான் போய்ச் சேரும். ஆரம்பத்தில் சாரதிகள் மிரண்டார்கள். இப்போது எண்பத்தாறாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அன்ரி வாயைத் திறக்க முன்னரே கையை உயர்த்துகிறார்கள்.

சாரதியோடு முடிகிற விஷயமும் இல்லை. பல் டொக்டரின் வரவேற்பு மேசை, கவுன்சில் வாசலில் நிற்கும் காவலாளி, பூசை முடிந்ததும் அந்தோனியார் சுரூபம், சுப்பர்மார்க்கெட்டில் தானாகப் பில் போடுகிற மெஷின், எல்லோரிடமும் விடைபெறுவார். அந்த மெஷின் நன்றி சொன்னதும் அன்ரி நின்று தலையாட்டிவிட்டு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"மெஷினுக்கு ஏன் அன்ரி?"

"அது தாங்யூ எண்டு சொல்லுதடா. வாய் இல்லாத சாமானுக்கு இருக்கிற மரியாதை உனக்கில்லை."

இதில் அவருக்கு ஒரு சட்டமும் உண்டு. "வரேக்கை சொல்லாமல் வரலாம். சந்தோசம்தான். போகேக்கை சொல்லாமல் போறவன் ஒண்டில் கள்ளன், இல்லாட்டிக் கடவுளுக்குப் பயமில்லாதவன்."

அன்ரி குள்ளம். கோடையிலும் ஒரு சாம்பல் நிறக் கார்டிகன். அதன் உட்புறத்தில் ஊசியில் கோர்த்த மாதா பதக்கங்கள் நடக்கும்போது சில்லறை போலச் சத்தமிடும். இந்த வட்டாரப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். இங்கே வளர்ந்த பாதிப் பேருக்கு மசித்த உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டவர் அவர்தான். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கத்திலிருந்து கரண்டியால் தட்டினால் நான் போக வேண்டும். இது என்னைக் கேட்டுப் போட்ட ஒப்பந்தம் இல்லை.

நானும் சும்மா இருந்ததில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் கட்டிலில் படுத்துக்கொண்டு அவருடைய வீட்டு நம்பருக்கு அடிப்பேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, "மேடம், உங்கள் கொம்பியூட்டருக்கு வைரஸ் வந்திருக்கிறது" என்பேன், இங்கிலிசில்.

"அப்பிடியோ தம்பி. வைரஸ் எண்டால் மல்லி அவிச்சுக் குடி. அதோடை கொம்மாட்டைச் சொல்லு, அவவின்ரை கறிச்சட்டியை நான் மறக்கேல்லை எண்டு. சரி வைக்கட்டோ? சரி. சரி ராசா. சரியப்ப. கடவுள் துணை. வைக்கிறன் என்ன."

இத்தனைக்குப் பிறகும் அவர் வைக்கமாட்டார். எதிராளி வைத்த பிறகுதான் வைப்பார். மோசடிக்காரர்கள் உண்மையாகவே எடுத்தாலும் இதே முறைதான். ஒருவன் கடைசியில் தன் தாய்க்குச் சுகமில்லை என்று சொல்லி, அவருக்காக ஒரு செபமாலை சொல்லும்படி கேட்டுவிட்டு வைத்தானாம்.

யாக்கோப்பு அங்கிள் மன்னார்க்காரர். நெடுவல், நல்ல உயரம். முப்பது வருடம் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பேக்கரியில் பாண் போட்டவர். அந்தப் பேக்கரி இப்போது நகம் பூசுகிற கடையாகிவிட்டது. ஆனால் அங்கிளுக்கு அது தெரியாது. அவருடைய ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போய்க்கொண்டிருக்கிறது. அன்ரிக்கு அந்த நோயில் இருக்கிற பெரிய கோபமே, "அது சொல்லிக்கொள்ளாமல் போகுதடா" என்பதுதான். என்னை அங்கிள் "செபமாலைமுத்து" என்று கூப்பிடுவார். அது யார் என்று அன்ரிக்கும் தெரியாது. ஊரில் அப்படி யாராவது இருந்திருக்கலாம். இரண்டு வருடமாக நான்தான் செபமாலைமுத்து. கூப்பிட்டால் ஓம் என்கிறேன்.

கதவு திறந்திருந்தால் அங்கிள் வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். அதனால் வாசலில் எப்போதும் சங்கிலி. அதையும் தாண்டிச் சில நாட்கள் போய்விடுவார். கைப்போன் கொடுத்துப் பார்த்தார்கள். அது பிரிட்ஜில் மாஜரினுக்குப் பக்கத்தில் கிடந்தது. நம்பர் எழுதிய கைப்பட்டி கட்டினார்கள். "நான் என்ன பிளேனிலை வந்த பெட்டியோ?" என்று கத்தரிக்கோலால் வெட்டினார். ஜக்கெட்டின் உள்ளே அன்ரி நம்பரைத் தைத்துவிட்டார். அங்கிள் அந்த ஜக்கெட்டை பஸ் நிறுத்தத்தில் குளிரில் நடுங்கிய ஒரு மனிதனுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அன்ரி கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் கோழிக்கறி வைத்தார்.

கடைசியில் அன்ரி கண்டுபிடித்த வழியை எந்த ஆஸ்பத்திரியும் சொல்லித்தரவில்லை. அங்கிள் மகளின் பெயரை மறப்பார். செபங்களை மறப்பதில்லை. அந்தியில் மன்றாட்டுமாலை தொடங்கினால் ஒரு புனிதரையும் விடாமல் வரிசையாகச் சொல்லுவார். அன்ரி அந்த வரிசையின் வாலில், கடைசிப் புனிதருக்குப் பிறகு, வீட்டு நம்பரைக் கட்டிவிட்டார். ஒவ்வொரு இலக்கமாக.

"சீரோ," என்பார் அங்கிள், அதே ராகத்தில்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்பார் அன்ரி.

"டூ."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"சீரோ."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

முதல்தரம் சுவருக்கு இந்தப் பக்கம் இதைக் கேட்டபோது தலையணையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு அது எனக்கும் பாடமாகிவிட்டது. இப்போதும் யாராவது அந்த நம்பரைக் கேட்டால் ராகம் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது. "பாதர் அறிஞ்சால் என்ன சொல்லுவார் அன்ரி?" என்று கேட்டேன். "என்னத்தைச் சொல்லுறது? பாதருக்கும் பாடமாம்" என்றார்.

அது வேலை செய்தது. அங்கிள் தொலைகிற இடங்களில் யாராவது, "ஐயா, வீடு எங்கே?" என்று கேட்டால், அவர் நம்பரைப் பாடுவார். கேட்டவர்கள் அடிப்பார்கள். இல்ஃபோர்ட்டில் மரக்கறிக்கடைக்காரர் அடித்தார். றொம்ஃபோர்டிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அடித்தது. ஒருமுறை தீயணைப்பு வண்டிக்குள்ளிருந்தே அடித்தார்கள். அன்ரி போய்க் கூட்டி வருவார். அடுத்த நாள் அடித்தவர்களைத் தேடிப்பிடித்து மீன் கட்லட்டுகளை ஈயத்தாளில் சுற்றிக் கொடுப்பார். வீட்டில் ஆளுயரக் குளிர்சாதனப்பெட்டி இருந்தது, பெரிய ரீவி இருந்தது. ஆனால் அந்த வீட்டில் பெறுமதியான சாமான் அந்த ஒரு நம்பர்தான்.

இனி இன்ரநெற் கதைக்கு வருவோம்.

அன்ரி வீட்டு இன்ரநெற் மாட்டுவண்டி. மகள் சயந்தினி அக்கா மான்செஸ்டரில் இருக்கிறார். அவர் வீடியோவில் வந்தால் பாதியில் படம் நின்றுவிடும். வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி மகள் திரையில் உறைந்து நிற்பதைப் பார்த்தால் அங்கிள் எழும்பி, "பிள்ளைக்கு என்னமோ நடந்துபோச்சு" என்று அழத் தொடங்குவார். அதனால்தான் சயந்தினி அக்கா கொம்பனியை மாற்றினார். அவர் சத்தமாகச் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். புதுக் கொம்பனிக்காரனே பழையவனோடை கதைச்சு நம்பரையும் எடுத்துக்கொண்டு வருவான். பெட்டி தபாலிலை வரும். உவன் பக்கத்து வீட்டுக் குரங்கைக் கூப்பிட்டுச் செருகச் சொல்லுங்கோ. நீங்கள் சும்மா இருந்தால் காணும்."

"சரி பிள்ளை," என்றார் அன்ரி. அவர் சும்மா இருந்ததை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

மாறுகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கரண்டிச் சத்தம் கேட்டது, போனேன். போன் வயர் சுவருக்குள்ளிருந்து வெளியே வருகிற இடம் வாசல் கதவுக்குப் பின்னால், தரையோடு தரையாக. அதைக் கட்டியவன் ஒருநாளும் குனிந்திருக்கமாட்டான். கதவை அகலத் திறந்தால்தான் கை போகும். சங்கிலியைக் கழற்றி, கதவை விரியத் திறந்து, தலையைச் செருப்புத் தட்டுக்குள்ளும் காலை வீதியிலும் விட்டுக்கொண்டு படுத்தேன். பழைய பெட்டியைக் கழற்றினேன். அன்ரி அதை வாங்கிக் கார்டிகனால் துடைத்தார். "நீயும் நல்லாத்தான் உழைச்சனி" என்று சொல்லிப் பையில் வைத்தார்.

புது ரூட்டரின் வயரைச் சுவரில் செருகினேன். போனை இனிச் சுவரில் செருகக்கூடாது, ரூட்டரின் முதுகில் செருகவேண்டும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. செருகினேன். செம்மஞ்சள் விளக்கு மினுங்கியது. அங்கிள் தன் கதிரையிலிருந்து, "செபமாலைமுத்து, அடுப்புப் பத்திட்டுதோ?" என்று கேட்டார். "இன்னும் இல்லை அங்கிள்" என்றேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு பச்சையாகி நின்றது. றிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தேன், ஊ என்றது. செருப்புத் தட்டின் மேல் ரூட்டரை மரியாதையாக இருத்திவிட்டு, வைஃபையைப் பார்க்க அன்ரியோடு சமையலறைக்குப் போனேன். படம் குதிரை மாதிரி ஓடியது.

புது லைனைத் திறந்துவைக்க ஒரு நல்ல பகிடிப் போன் கோல் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அரண்மனையிலிருந்து பேசுகிறோம், உங்கள் மீன் கட்லட்டைப் பற்றிக் கேள்விப்பட்டோம் என்று சொல்லலாம். கைப்போனில் நம்பரை ராகத்தோடு அடித்துவிட்டுக் காத்திருந்தேன். போன் அடிக்கவில்லை. ஒரு பெண் குரல், நான் அழைத்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அவளே. ஓடிப்போய் அந்தப் போனிலிருந்து என் கைப்போனுக்கு அடித்தேன். திரையில் நான் ஒருநாளும் காணாத ஒரு நம்பர் வந்து நின்றது.

"அன்ரி, இது வேறை நம்பர்."

"அதே வயர்தானே?"

"வயர் அதேதான். எங்கடை நம்பர் இல்லை." கைப்போனை அவர் முன்னால் நீட்டினேன். "நீங்கள் பழைய கொம்பனியோடை கதைச்சனீங்களோ?"

"கதைச்சனான்தானே," என்றார், கட்லட்டுக்கு மா பிசைந்தபடி. "நேற்றுப் பின்னேரம். இவ்வளவு வருசம் லைன் தந்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போறதே?"

அவர் தொடர்ந்தார்.

"கிறேக் எண்டு ஒரு பெடியன். நல்ல வளர்ப்பு. போகவேண்டாம் எண்டு எவ்வளவு மறிச்சவன் தெரியுமோ. வேகம் கூட்டித் தாறன் எண்டான். ரீவியும் தாறன் எண்டான். எங்கடை ஆக்களே இப்பிடி மறிக்கமாட்டினம். நான் சொன்னன், உங்களிலை ஒரு பிழையும் இல்லை ராசா, பிள்ளை வேறை இடம் பாத்திட்டாள் எண்டு. அப்ப நாளைக்கே லைனை மூடிவிடட்டோ எண்டு கேட்டான். வாடகை வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையிலை குடுக்கிற மாதிரித்தானே. ஓம் தம்பி, மூடிவிடு, காட் பிளெஸ் எண்டன். பாவம், அவனுக்கும் குரல் கம்மிப்போச்சு."

சயந்தினி அக்காவுக்கு எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். தாயையும் கேட்கவைக்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"அம்மா, அவனாக வந்து எடுத்திருந்தால் நம்பரும் கையைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கும். நீங்களே மூடச்சொன்னால் நம்பரும் சேர்ந்து செத்துப்போகும். அதுக்குத்தானே ஒண்டும் செய்யாதேங்கோ எண்டனான்."

"சொல்லாமல் போறதே பிள்ளை?"

"சரி, விடுங்கோ. நான் அவங்களோடை கதைக்கிறன். அதுவரைக்கும் அப்பாவுக்குப் புது நம்பரைச் சொல்லிக்குடுங்கோ. இப்பவே தொடங்குங்கோ. அப்பா எங்கை?"

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். கதிரையில் அவர் இருந்த பள்ளம் இருந்தது. வாசலில் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. செருப்புத் தட்டில் ரூட்டருக்குக் கீழே, அவருடைய வேலைச் சப்பாத்து இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதற்கு மேலே பச்சை விளக்கு, எல்லாம் சரி என்று நின்றது.

அன்ரி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மா ஒட்டிய கையோடு போய் றிசீவரை எடுத்தார். ஊ என்றது. வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார்.

"அடிக்குமடா," என்றார். "ஆரும் ஒராள் அடிப்பினம். எப்பவும் அடிக்கிறவைதானே."

"அடிக்காது அன்ரி."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரிந்த தமிழ் போதாது. ஐந்தாம் வகுப்போடு நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டவன். மாவு அப்பிய றிசீவரைப் பிடித்தபடி நின்றார். அந்த நேரத்தில் லண்டனில் எங்கோ ஒருவர் அங்கிளிடம் வீடு எங்கே என்று கேட்டிருப்பார், அங்கிள் பிழையில்லாமல் முழுவதையும் பாடியிருப்பார், அவர் அடித்திருப்பார், அந்தப் பெண் குரல் வந்திருக்கும். மனுசன் சரியாகத்தான் சொல்லியிருப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நம்பர் இரண்டு கிழமையில் திரும்பக் கிடைத்தது. சயந்தினி அக்கா அதற்காக எத்தனை பேரோடு சண்டை பிடித்தார் என்பது வேறு கதை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே யோசித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. நம்பர் தேவைப்பட்டதும் அன்றைக்குத்தான்.

பொலிசுக்கு நான் சொன்னேன். வழக்கமாக என்ன செய்வார் என்று கேட்டார்கள். நம்பரைப் பாடுவார் என்றேன். எந்த நம்பர் என்றார்கள். செத்த நம்பரைச் சொன்னேன். புதுசையும் சொன்னேன். அந்த அதிகாரி இரண்டையும் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார். என் அம்மாவை அன்ரி வீட்டில் காவலுக்கு இருத்திவிட்டு நான் ரயில் ஸ்டேசனுக்கு ஓடினேன், பார்க்குக்கு ஓடினேன். உயரமான ஒவ்வொரு மனிதனின் முதுகும் அங்கிளின் முதுகாகவே தெரிந்தது. கூப்பிட்டேன். திரும்பினால் வேறு முகம்.

திரும்பி வந்தபோது அன்ரி பஸ் நிறுத்தத்தில் நின்றார். கார்டிகன் பொத்தான்கள் ஒன்று தள்ளிப் பூட்டியிருந்தன. விரல்களில் மா காய்ந்து வெடித்திருந்தது. ஒவ்வொரு பஸ்ஸும் நிற்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தார். அது புறப்படும்போது சாரதிகளில் சிலர் வழக்கம்போலக் கையை உயர்த்தினார்கள். அவர் கையை உயர்த்தவில்லை.

"கிறேக்கின்ரை நம்பர் இருக்கோடா?" என்று கேட்டார் ஒருமுறை.

"ஏன் அன்ரி?"

"நான் போகேல்லை எண்டு சொல்லத்தான்."

அதற்குப் பிறகு நான் பகிடி விடவில்லை. என் வாழ்க்கையில் நான் பகிடி விடாத மிக நீளமான நேரம் அதுதான்.

ஸ்ட்ராட்போர்ட் பக்கமிருந்து வந்த ஒரு எண்பத்தாறு, நிறுத்தத்துக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து விளக்கை மினுக்கியது. முன்கதவு திறந்தது. சாரதி ஒரு பருத்த கறுப்பினப் பெண். நகங்களுக்குப் பொன் நிறம் பூசியிருந்தார். தடுப்புக்கு வெளியே தலையை நீட்டி, அன்ரியைப் பார்த்து இங்கிலிசில் சொன்னார்: "கோயிங் அண்ட் கமிங் அம்மா, இது உங்கள் ஆள்தானே?"

முன் இருக்கையில் அங்கிள். மடியில் தொப்பி. கண் எங்கோ. வாய் மட்டும் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தது.

அவர் ஃபாரஸ்ட் கேட்டில் ஏறினார் என்று சாரதி சொன்னார். ஒரு நகக் கடை வாசலில் நின்ற பிள்ளைகள்தான் ஏற்றிவிட்டார்களாம். பின்னால் இருந்த ஒரு பயணி கேட்டபோது அவர் ஒருதரம் முழுவதுமாகப் பாடிய நம்பருக்கு அடித்துப் பார்த்தார், அது வேலைசெய்யவில்லை. "பொலிசைக் கூப்பிடத்தான் நினைத்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். நீங்கள் எங்கே இறங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும்தானே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏன் அம்மா, அவர் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பிறகு நிறுத்துகிறார்? எதற்கோ காத்திருக்கிறார். நாங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் திரும்ப முதலில் இருந்து தொடங்குகிறார். அதற்குப் பிறகு வழி முழுக்க இப்படித்தான்."

"சீரோ," என்றார் அங்கிள். நிறுத்தினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகம் சுருங்கியது. "சீரோ," என்றார் மறுபடியும்.

நான் அங்கிளை இறக்குவதற்காகக் கையை நீட்டினேன். அன்ரி என்னைத் தாண்டிப் பஸ்ஸில் ஏறினார். கார்ட்டைத் தட்டவில்லை. சாரதியைப் பார்க்கவில்லை. அங்கிளுக்குப் பக்கத்தில் இருந்து, மா காய்ந்த விரல்களால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அங்கிளின் தோள்கள் இறங்கின. "டூ," என்றார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

சாரதி கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்தார். பிறகு கதவை மூடினார். பஸ் றொம்ஃபோர்ட் பக்கம் அசைந்தது. நான் பக்கத்தில் ஓடி யன்னலில் தட்டினேன். அன்ரி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. எண்பத்தாறு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவரைக் கொண்டுபோயிற்று.